41 சென்ட் பார்க்கிங், 3 மீட்டர் இறக்கம்: மரத்தை எங்கே வைப்பது, தண்ணீரை எங்கே விடுவது?

வரைபலகை:

வணக்கம். குன்னூரில், மவுண்ட் ரோட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் இருக்கும் ஒரு தனியார் பார்க்கிங் இடத்தைப் புதிதாக வரைந்து தரும் வேலை எங்கள் ஆபீசுக்கு வந்திருக்கிறது. எந்த இடம் என்று ஊர்க்காரர்கள் ஊகித்தாலும் இங்கே எழுதிவிடாதீர்கள், உரிமையாளர் கோபித்துக்கொள்வார்.

இப்போது அது வெறும் மண் தரை, மேலே கொஞ்சம் ஜல்லி. மேல்பக்கம் ரோடு, கீழ்ப்பக்கம் ஒரு சந்து. ரோட்டோரமாக 46 மீட்டர், உள்ளே 36 மீட்டர், அதாவது 41 சென்டுக்குக் கொஞ்சம் குறைவு. ரோட்டிலிருந்து சந்து வரை 3 மீட்டர் இறக்கம். கோடு, மரம், வடிகால் எதுவும் கிடையாது. மே மாத சீசனில் காவலாளி சாவியை வாங்கி வைத்துக்கொண்டு 80 கார் வரை அடைத்துவிடுகிறார்.

எங்கள் சீனியர் மூன்று வழிகாட்டிகளைச் சேர்த்து ஒரு பட்டியல் கொடுத்தார். ஒன்று, தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகள். அதன்படி காருக்கு 2.5க்கு 5 மீட்டர். இரண்டாவது, மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் பற்றிய மத்திய அரசின் 2021 வழிகாட்டி. அவர்களுக்கான இடம் 3.6 மீட்டர் அகலம். மூன்றாவது, டொரன்டோ மாநகராட்சி 2013-இல் திறந்தவெளி பார்க்கிங்குகளைப் பசுமையாக்க வெளியிட்ட வழிகாட்டி. ரோட்டோரம் செடி வேலி, ஐந்து காருக்கு ஒரு நிழல் மரம், நடப்பவர்களுக்குத் தனிப் பாதை, மழைநீர் அங்கேயே மண்ணில் இறங்கும் தரை என்று இந்த மூன்றாவதில்தான் நிறைய இருக்கிறது.

வரைந்து பார்த்தேன். ரோட்டோரம் 2 மீட்டர் செடி வேலி. நடுவில் 2 மீட்டர் பசுமைப் பட்டை, அதில் தண்ணீர் இறங்கும் பள்ளம். இரண்டு பக்கமும் 5 + 6 + 5 மீட்டர் என்று கார், நடுவழி, கார். ஒரு ஓரத்தில் மேலிருந்து கீழே இறங்கும் 6 மீட்டர் வழி. வரிசைக்கு இரண்டு மரத்தீவு, அதாவது கார்களுக்கு நடுவில் மரம் நட விட்ட இடம். மாற்றுத்திறனாளிகளுக்கு இரண்டு இடம். மொத்தம் 57 கார். தரை முழுக்க நடுவில் புல் முளைக்கிற ஓட்டைக் கல்.

80 எப்படி 57 ஆனது என்று உரிமையாளர் கேட்கிறார். 57-ஐக் காப்பாற்ற எதை விடலாம், எதை விடக்கூடாது?

ஏழுரோடு:

கொடைக்கானலிலிருந்து. 80 என்பது கணக்கே இல்லை. திறந்தவெளியில் ஒரு காருக்கு வழியும் சேர்த்து 23 சதுர மீட்டர் என்பது நம் நாட்டில் வழக்கமாகப் போடும் கணக்கு. உங்கள் 1,656 சதுர மீட்டருக்கு 72 வரும், அதுவும் மரம், வேலி எதுவும் இல்லாமல். 80 அடைத்தால் உள்ளே இருப்பவன் வெளியே வர நான்கு பேரைத் தேடிப் பிடிக்க வேண்டும். எங்கள் ஊர் ஏரிக்கரையில் தினமும் நடக்கிற கூத்து.

இன்னொன்று. மே மாதக் கூட்டத்துக்காக ஏன் வரைய வேண்டும்? மலைக்கு வரும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் 2024 மே முதல் இருக்கிறது. 2025 சீசனில் நீதிமன்றம் எண்ணிக்கையையே கட்டியது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வெளியூர் வண்டி, வார இறுதியில் 8,000, எங்களுக்கு 4,000, 6,000. மலைக்கு வரும் வண்டியையே அளந்து விடும்போது உங்கள் ஆள் மட்டும் எல்லையில்லாமல் அடைக்க நினைக்கிறார்.

பேக்கரிவாசல்:

ஏழுரோடு தம்பி, இ-பாஸ் வெளியூர் வண்டிக்கு. இங்கே இடத்தைப் பிடித்து வைத்திருப்பது வெளியூர்க்காரன் மட்டும் இல்லை. காலை ஒன்பது மணிக்குக் கடைக்காரர்களே வண்டியைக் கொண்டுவந்து விட்டால் ராத்திரி ஷட்டர் இறக்கும்போதுதான் எடுக்கிறார்கள். நாள் முழுக்க ஒரே கட்டணம் என்றால் யார்தான் எடுப்பார்கள்? பிரெட் வாங்க வருகிறவர் பத்து நிமிஷத்துக்கு இடமில்லாமல் ரோட்டிலேயே இண்டிகேட்டர் போட்டு நிற்கிறார், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. 57 போதும் தம்பி, மணிக்கணக்கில் காசு வாங்கச் சொல்லுங்கள்.

ஏழுரோடு:

அக்கா சொல்வதைத்தான் கலிபோர்னியாப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் வாழ்நாள் முழுக்கச் சொன்னார். எப்போது பார்த்தாலும் 100-க்கு 85 இடம் நிரம்பி, மீதி காலியாக இருக்கிற மாதிரி கட்டணம் வை என்பார். 57-இல் எட்டு, ஒன்பது காலி. புதிதாக வருகிறவன் சுற்ற வேண்டாம், உரிமையாளருக்கும் ஒரே இடத்துக்கு ஒரு நாளில் பல பேரிடம் வசூல்.

பல்சக்கரம்:

தம்பி வரைபலகை, மரம், கட்டணம் எல்லாம் இருக்கட்டும். அந்தச் சந்துக்குக் கீழே என்ன இருக்கிறது?

வரைபலகை:

சந்தைத் தாண்டிப் பழைய கருங்கல் தடுப்புச்சுவர் ஐயா. அதற்குக் கீழே லைன் வீடுகள், வரிசையாக ஒட்டிக் கட்டியவை.

பல்சக்கரம்:

அப்படியானால் ஓட்டைக் கல்லை முதலில் எடுங்கள்.

மலை ரோடுகளில் சுவர் கட்டியே ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டொரன்டோ பெரும்பாலும் ஏரிக்கரைச் சமதளம். அங்கே தண்ணீரை மண்ணில் இறக்கினால் மழைநீர்க் குழாய்க்குப் பாரம் குறையும், அவர்களுக்கு அது சரி. நம் சரிவில் மேலே இறக்குகிற தண்ணீர் மண்ணுக்குள்ளேயே கீழே நடந்து அடுத்த சுவரின் முதுகில் போய் நிற்கும். ஊறிய மண்ணுக்கு எடை கூடும், பிடிப்பு குறையும். சுவர் சாய்வதற்குப் பெரும்பாலும் மண் மட்டும் காரணம் இல்லை, மண்ணுக்குள் வெளியேற வழியில்லாமல் நிற்கும் தண்ணீர்தான். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் போனார்களே, அப்போது பார்த்த இடங்களில் மேலே யாரோ சமப்படுத்தியதும், ஓடையை மறித்ததும், வடிகால் அடைத்ததும் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டன.

உங்கள் இடத்துக்குக் கணக்குப் போடுங்கள். 1 சென்டிமீட்டர் மழைக்கு 16,560 லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு ராத்திரிக்கு 10 சென்டிமீட்டர் என்பது குன்னூரில் அதிசயமில்லை, நமக்கு வடகிழக்குப் பருவமழைதானே பெரிய மழை. அன்றைக்கு 1.65 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி பதினான்கு வந்து அந்த லைன் வீடுகளின் தலைக்கு மேல் மண்ணில் ஊற்றிவிட்டுப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே சேர்கிறது, எந்தக் குழாயில் எந்த ஓடைக்குப் போகிறது என்று முதல் தாளில் வரையுங்கள். கார் இரண்டாவது தாளில்.

அடுத்து, 36 மீட்டரில் 3 மீட்டர் என்பது 12-க்கு 1 சரிவு. மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளத்துக்கே அதுதான் உச்சவரம்பு. நீங்கள் முழு இடத்தையும் அப்படி வைத்து மேலே கார் நிறுத்துகிறீர்கள்.

ஸ்டாண்ட்வண்டி:

ஐயா சொல்றது நூத்துக்கு நூறு. இப்போ அந்த மாதிரி இடங்களில் பாருங்க, ஒவ்வொரு டாக்ஸிக்குப் பின்னாடியும் ஒரு கல் கிடக்கும். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க. வண்டியை எடுக்கும்போது கல்லை அங்கேயே விட்டுட்டுப் போயிடுவோம், அடுத்து வர்றவன் தெரியாம ஏத்தி டயர் போகும். கீழ்நாட்டு வண்டி வந்தா இன்னும் மோசம். ஹேண்ட்பிரேக் மட்டும் போட்டுட்டு, கியர்ல விடாம டீ குடிக்கப் போயிடுவாங்க. திரும்ப எடுக்கும்போது ரிவர்ஸில் ஏத்தத் தெரியாம கிளட்ச் வாசனை தூக்கும்.

சார், தரை எதுவா இருந்தாலும் பாசி பிடிக்காததா போடுங்க. இன்டர்லாக் கல் மர நிழல்ல இருந்தா ரெண்டே மழையில் பச்சையாயிடும். மேலே காலை வெச்சா சர்ருன்னு போகும், வண்டியும் போகும்.

கவாத்துக்கத்தி:

ஸ்டாண்ட்வண்டி அண்ணன் சொன்ன பாசி விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வழிகாட்டிகள் நிழல் கேட்பது தார் தரை கொதிக்காமல் இருப்பதற்காக. கலிபோர்னியாவின் சேக்ரமென்டோவில், மரம் நட்ட 15 வருஷத்தில் பார்க்கிங் தரையில் பாதிக்கு நிழல் விழ வேண்டும் என்று விதியே இருக்கிறது. அங்கே அடிக்கிற வெயிலுக்கு அது வேண்டும். சுமார் 1,850 மீட்டர் உயரத்தில், பாதி வருஷம் ஈரம் காயாத ஊரில், தரைக்கு வெயில் படுவதுதான் நமக்கு முக்கியம். ஐந்து காருக்கு ஒன்று என்ற கணக்கில் மரம் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தரைக்கு நடுவில் தீவு தீவாக வேண்டாம். வடக்கு ஓரமாகத் தள்ளுங்கள், வருஷத்தில் பெரும்பாலான மாதம் நிழல் வெளியே விழும்.

எந்த மரம்? சில்வர் ஓக் நம் தோட்டத்துக்குச் சரி, காருக்கு மேலே வேண்டாம், காற்றுக்குக் கிளை ஒடியும். கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) பேச்சுக்கே இல்லை. காட்டுப் பூவரசு (ரோடோடென்ட்ரான்), மலை நாவல் இரண்டும் இந்த மண்ணுக்கு உரியவை, மெதுவாகத்தான் வளரும், பரவாயில்லை. நாவலை மட்டும் கார் மேல் பழம் விழாத தூரத்தில் வையுங்கள். நடுவதற்கு முன்னால் நன்றாக யோசியுங்கள்: மலைப்பகுதியில் 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வளர்ந்த பிறகு இடைஞ்சல் என்று நினைத்த நேரத்தில் வெட்ட முடியாது.

ரோட்டோர வேலிக்குத் தேயிலையே போடுங்களேன். வருஷா வருஷம் கவாத்து செய்தால் இடுப்பு உயரத்தில் நிற்கும், வேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடிக்கும், ஆட்டுக்கும் மாட்டுக்கும் அதில் பெரிய ஆசை கிடையாது. ரோட்டிலிருந்து பார்த்தால் கார் கூட்டம் மறையும். கவாத்து செய்யாமல் விட்டால் மரமாகிவிடும் என்பதையும் உரிமையாளரிடம் சொல்லி வையுங்கள்.

பேக்கரிவாசல்:

இடுப்பு உயரத்துக்கு மேல் போக வேண்டாம். ராத்திரி கடை மூடிவிட்டு அந்தப் பக்கமாக நடந்து போகிற பெண்களுக்கு உள்ளே யார் நிற்கிறார் என்று தெரிய வேண்டும். ஆள் மட்டுமில்லை, கரடியும்தான். குப்பைத்தொட்டியை மூடி போட்டுப் பூட்டுகிற மாதிரி வையுங்கள், இல்லாவிட்டால் பஜ்ஜி எண்ணெய் வாசனைக்கு வந்து நிற்கும். காட்டெருமைக்கு எந்த வேலியும் கணக்கில்லை, அது வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும்.

மலைமுகில்:

ஏன் இவ்வளவு பாடு? நாலு மாடி மல்டி லெவல் கட்டினால் 200 கார் நிற்குமே.

வரைபலகை:

மலைப்பகுதியில் கட்டட உயரம் 7 மீட்டருக்கு மேல் போக முடியாது நண்பரே. நாலு மாடி காகிதத்தில்கூட வராது.

பல்சக்கரம் ஐயாவுக்கு: இடத்தை இரண்டு தட்டாக வெட்டினால்? மேல் தட்டு 16 மீட்டர், நடுவில் பசுமைப் பட்டைக்கு விட்ட 2 மீட்டரில் தடுப்புச்சுவரும் வடிகாலும், கீழ்த் தட்டு 16 மீட்டர். ஒவ்வொரு தட்டுக்கும் 3 சதவீதச் சாய்வு, அதாவது அரை மீட்டர் இறக்கம். மீதி 2 மீட்டரைச் சுவர் எடுத்துக்கொள்ளும். ஆனால் மேலிருந்து கீழே வண்டி இறங்கச் சாய்தளம் போட்டால் அது 12 மீட்டரில் இரண்டேகால் மீட்டருக்கு மேல் இறங்க வேண்டியிருக்கிறது. கிட்டத்தட்ட 5-க்கு 1.

பல்சக்கரம்:

சாய்தளமே வேண்டாம். மேல் தட்டுக்கு ரோட்டிலிருந்து வழி, கீழ்த் தட்டுக்குச் சந்திலிருந்து வழி. மலையில் இரண்டு மாடி வீட்டுக்கு இரண்டு மாடியிலும் தெருவிலிருந்தே வாசல் வைக்கிறோமே, அதே முறை. நடப்பவர்களுக்கு மட்டும் நடுவில் படி, கைப்பிடியோடு.

சுவரைப் பற்றி. 2 மீட்டர் தானே என்று அலட்சியம் வேண்டாம், தலைக்கு மேல் கார் பாரம் நிற்கிறது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கணக்கு வாங்குங்கள். சுவரின் முதுகில் ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி, அடியில் ஓட்டை போட்ட குழாய், ஒன்றரை மீட்டருக்கு ஒரு வீப் ஹோல், அதாவது தண்ணீர் வெளியேறச் சுவரில் விடும் துளை, வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்து. ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில் வடிதுணி போடாவிட்டால் மண் வந்து எல்லாத் துளையையும் அடைத்துவிடும், அப்புறம் துளை இருந்தும் இல்லாத மாதிரிதான். சுவர் மேல் விளிம்பில் கார் முட்டி நிற்கக் கான்கிரீட் தடுப்பு.

டொரன்டோ தாளில் கேட்கும் மழைநீர்ப் பாத்தியை விட வேண்டாம், ஆனால் மண்ணோடு ஒட்டாமல் அடியில் தண்ணீர் புகாத ஷீட் விரித்து, அதற்கு மேல் மணல், செடி, அடியில் குழாய். தண்ணீர் அதன் வழியாக வடிந்து குழாய்க்கு வரும், சரிவு மண்ணுக்குள் போகாது. வண்டி எண்ணெயும் சேறும் ஓடைக்குப் போகாமல் முதலில் ஒரு வண்டல் தொட்டியில் நிற்க வேண்டும். அந்த ஓடை கடைசியில் குன்னூர் ஆற்றுக்குத்தான் போகிறது, அதற்கு ஏற்கெனவே இருக்கிற அழுக்கு போதும்.

ஊன்றுகோல்:

எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு இரண்டு இடம் என்று எல்லாரும் வரைகிறார்கள், வரைந்து மூலையில் தள்ளுகிறார்கள். 2021 வழிகாட்டியில் 3.6 மீட்டர் அகலம் மட்டும் இல்லை, நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. உங்கள் இரண்டையும் மேல் தட்டில், ரோட்டு வரிசையில், நடைபாதைக்குப் பக்கத்தில் வையுங்கள். கீழ்த் தட்டில் வைத்தால் படி ஏற முடியாது, சந்து வழியாகச் சுற்றி வந்தால் ஏற்றம்.

அந்த இரண்டு இடத்துக்கு மட்டும் 3 சதவீதச் சாய்வுகூட வேண்டாம், தண்ணீர் வடியும் அளவுக்கு மட்டும் போதும். சக்கர நாற்காலியைக் காரிலிருந்து இறக்கி வைத்து, பிரேக் போட்டு, நான் கதவைப் பிடித்துத் திரும்புவதற்குள் அது தானாக நகரும். 3 சதவீதம் உங்களுக்குக் கண்ணுக்கே தெரியாது, எனக்குக் கையில் தெரியும். சொரசொரப்பான கான்கிரீட் போடுங்கள், ஓட்டைக் கல்லில் முன் சக்கரம் மாட்டிக்கொள்ளும்.

ஸ்டாண்ட்வண்டி:

ரெண்டு வழி ஐடியா நல்லாத்தான் இருக்கு. ஆனா சந்து எவ்வளவு அகலம் சார்? இன்னோவா ஒரே வெட்டில் திரும்பணும். டெம்போ டிராவலர் உள்ளே போயிட்டா வெளியே எடுக்க ஊரே கூடணும்.

வரைபலகை:

நாலரை மீட்டர் அண்ணே.

ஸ்டாண்ட்வண்டி:

அப்போ கீழே சின்ன வண்டி மட்டும்னு போர்டு வெச்சிடுங்க. வாசலை நேரா வெட்டாம ரெண்டு பக்கமும் மூலையை வளைச்சு விடுங்க. மேல் தட்டு நிரம்பிடுச்சா, கீழே இடம் இருக்கான்னு ரோட்டிலேயே தெரியணும், இல்லேன்னா சுத்திக்கிட்டு வந்து பார்த்துட்டுத் திரும்பவும் சுத்தணும். பெரிய எலக்ட்ரிக் போர்டெல்லாம் வேண்டாம், காவலாளி சுண்ணாம்புல எழுதிப் போட்டாலும் போதும்.

லைட்டு விஷயம். உயரக் கம்பத்துல வெள்ளை எல்இடி போடாதீங்க. மஞ்சு இறங்குச்சுன்னா அந்த வெளிச்சம் மஞ்சிலேயே நின்னுடும், கண்ணுக்கு வெள்ளைத் துணி கட்டின மாதிரி இருக்கும், தரை தெரியாது. இடுப்பு உயரத்துல மஞ்சள் லைட்டு, தரையைப் பார்த்த மாதிரி. கோடும் மஞ்சளா அடிங்க.

ஏழுரோடு:

லைட் பற்றி அண்ணன் சொன்னது எங்கள் ஊருக்கும் வேண்டும். அப்படியே வரைபலகை, தட்டு வெட்டினால் எத்தனை கார்?

வரைபலகை:

கேட்பீர்கள் என்று தெரியும், போட்டுவிட்டேன். சாய்தளத்துக்கு ஒதுக்கிய 6 மீட்டர் ஓரம் நடு வரிசைகளில் மிச்சமாகிறது. மேல் தட்டின் ரோட்டு வரிசையில் வாசல் போக 13 (இதில் மாற்றுத்திறனாளிகளுக்கு 2), உள் வரிசையில் 16. கீழ்த் தட்டில் உள் வரிசை 16, சந்து வரிசையில் 14. மொத்தம் 59. முன்னால் போட்டதைவிட இரண்டு கூடுதல். வரிசைக்கு இரண்டு கார் அகலம் இன்னும் விட்டே வைத்திருக்கிறேன். அதில் ஒரு பகுதியில்தான் படியும் நடைபாதையும் மழைநீர்ப் பாத்தியும் வரும். மரங்களில் பெரும்பாலானதை வடக்கு ஓரத்துக்கு மாற்றுகிறேன்.

ஓட்டைக் கல் போய், குறுக்கே கோடு கீறிய கான்கிரீட் வருகிறது. தேயிலை வேலியை உரிமையாளரிடம் சொன்னதும் அவர் முதல்முறையாகச் சிரித்தார், டொரன்டோ என்றபோது சிரிக்கவில்லை. சுவர்ச் செலவைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

பல்சக்கரம்:

அவரிடம் கேளுங்கள்: கீழே இருக்கும் பழைய கருங்கல் சுவர் சாய்ந்தால் லைன் வீட்டுக்காரர்கள் யாரைத் தேடி வருவார்கள்? செலவைப் பற்றி அப்புறம் பேசட்டும். அந்தப் பழைய சுவரையும் ஒரு தடவை போய்ப் பாருங்கள் தம்பி. வயிறு தள்ளியிருக்கிறதா, மழை நின்ற பிறகும் எந்த இடத்தில் கசிகிறது, வீப் ஹோல் இருக்கிறதா, இருந்தால் புல் முளைத்து அடைத்திருக்கிறதா. போட்டோ எடுத்துத் தேதி போட்டு வையுங்கள்.

பேக்கரிவாசல்:

டூ வீலர் எங்கே? ஊர்க்காரர்கள் பாதிப் பேர் ஸ்கூட்டிதான். இடம் இல்லாவிட்டால் உங்கள் நடைபாதையில்தான் நிறுத்துவார்கள்.

வரைபலகை:

இரண்டு கார் இடத்தை எடுத்துவிடுகிறேன் அக்கா. 5-க்கு 5 மீட்டரில் எதிரெதிராக ஐந்தைந்து, மொத்தம் பத்து வண்டி. அப்போது கார் திரும்பவும் 57.

ஊன்றுகோல்:

பத்து போதாது. நடைபாதை தொடங்கும் இடத்தில் வண்டி ஏறாமல் இருக்கக் கட்டைக் கம்பமும் வையுங்கள், நடுவில் நாற்காலி போகிற அளவுக்கு இடைவெளி விட்டு.

பல்சக்கரம்:

வண்டல் தொட்டியை யார் அள்ளுவது என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். செப்டம்பர் கடைசியில் ஒரு தடவை, மழை நடுவில் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை. எழுதாவிட்டால் அள்ள மாட்டார்கள்.

ஸ்டாண்ட்வண்டி:

தொட்டி மூடி கார் ஏறினா உடையாத மாதிரி இரும்புல போடுங்க சார். சிமெண்ட் மூடின்னா முதல் சீசனே தாங்காது.